ஐந்து பெற்றவளின் மங்கோலியப் பதக்கம்

பிப்ரவரி 4

என்னங்க,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் காது மிஷின் விசில் அடிக்கும், நான் கத்துவேன், இந்த மாடியில் இருக்கிற நாலு வீட்டுக்கும் நம் கதை தெரிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

சின்னவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது. டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டாராம். இது எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை, ஆனால் அவர் போடுகிற டீ பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கிறது. நாளை முதல் அடுப்படி என் கையில்.

நான் பிரசவத்துக்குத்தான் போயிருக்கிறேன், கோபித்துக்கொண்டு போகவில்லை என்று பெரியவனிடம் சொன்னீர்களாமே. பிரசவத்துக்கு இன்னும் எத்தனை வாரம் கிடக்கிறது! யாராவது இவ்வளவு முன்னாடி பெட்டியைத் தூக்குவார்களா? கோபித்துக்கொண்டுதான் வந்தேன். வந்த இடத்தில் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குச் சேகரிப்போர் சங்கத்திலிருந்து வந்தீர்கள். முகம் கறுத்துக் கிடந்தது. டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தப் பதக்கத்தை எடுத்தீர்கள். அம்மாக்காரி குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாளே, நிறையப் பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மங்கோலியாவில் கொடுப்பது என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொன்னீர்களே, அதைத்தான். என் பொத்தான் டப்பாவுக்குள் விட்டெறிந்தீர்கள்.

"என்ன இது?" என்றேன்.

"போலி. நீதான் அஞ்சு பெத்தியே, நீ குத்திக்கோ."

அவ்வளவுதான் சொன்னீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த ஊரில் குதிரை ஓட்டினவன், லாரி ஓட்டினவன், ஆடு மேய்த்தவன் எல்லாருடைய பதக்கத்துக்கும் பஞ்சு வைத்து இழுப்பறை செய்து வைத்திருக்கிறீர்கள். நான் உங்கள் வீட்டிலேயே ஐந்து பெற்றேன். எனக்குப் போலியா?

கொடுத்துவிட்டீர்கள், வாங்கிக்கொண்டேன். என் பையில்தான் இருக்கிறது. தேடாதீர்கள்.

மாத்திரை டப்பா கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில். காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். மாற்றிப் போட்டுவிட்டு என் மேல் பழி போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஏட்டம்மா
(நீங்கள் வைத்த பேர்தான். போலீஸ் ஏட்டுகூட இவ்வளவு அதட்டமாட்டார் என்பீர்களே.)


பிப்ரவரி 9

ஏட்டம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வெள்ளை காலையில், மஞ்சள் ராத்திரி. சரியாகத்தான் போடுகிறேன்.

உன்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. இப்போது எழுதுகிறேன்.

நம் தாய்மார் பதக்கத்தின் பின்பக்கத்தில் ஓர் எண் வெட்டியிருக்கும். 2313. அந்த எண்ணை மங்கோலியாவில் இருக்கிற டீச்சருக்கு எழுதியிருந்தேன். நான்தான் சொல்லியிருக்கிறேனே, ஓய்வு பெற்ற சரித்திர டீச்சர். என் எண்களையெல்லாம் அங்கே ஆவணக் காப்பகத்தில் தேடிக் கொடுப்பவர். அவர் 2313 யாருக்கு வழங்கப்பட்டது என்று கண்டுபிடித்து, அந்த வீட்டுக்கே போய்விட்டார். அந்த அம்மாள் காலமாகிவிட்டார். மகள் இருக்கிறார். அவர் ஒரு போட்டோ அனுப்பினார். அவர்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அம்மாவின் பதக்கம் பத்திரமாக இருக்கிறது. பின்பக்கம் 2313.

ஓர் எண்ணில் இரண்டு பதக்கம் இருக்க முடியாது. அவர்களிடம் இருப்பது அசல் என்றால் என்னிடம் இருப்பது என்ன?

இதைச் சங்கத்தில் நானேதான் சொன்னேன். மறைக்க மனசு வரவில்லை. மீசை இருக்கிறாரே, நம் தலைவர், அவர் ராணுவப் பதக்கத்தைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். எல்லார் முன்னாலும் சிரித்தார். "பால் கறந்ததுக்கு ஒண்ணு, பிள்ளை பெத்ததுக்கு ஒண்ணுன்னு பொறுக்கிட்டு வந்தா இப்படித்தான் ஆகும். உங்க கடைசல் பட்டறையில நீங்களே அடிச்சதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஏப்ரல் கண்காட்சிக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்று போலி என்றால் மற்றதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

உனக்குத் தெரியும், எனக்கு இது எப்படி ஆரம்பித்தது என்று. பட்டறைக்கு வந்த பித்தளைக் கழிவுக்குள் குதிரைக்காரன் சூரியனைப் பார்த்துப் பாய்கிற மாதிரி ஒரு வில்லை. உருக்கப் போகிற சட்டிக்குள் விழ இருந்ததை இடுக்கியால் எடுத்தேன். யாரோ ஓர் ஆள் நெஞ்சில் குத்திக்கொண்டு நடந்தது. அந்த ஆள் யார் என்று தெரிய வேண்டும் என்றுதான் அந்த ஊர் எழுத்தையே கற்றேன். நூல் அளவு பிசகாமல் வேலை செய்தவன் என்று பேர் வாங்கினவன் நான். இதில் பிசகிவிட்டேன்.

இழுப்பறைகளைத் திறக்கவே இல்லை. அந்தப் பதக்கத்தை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

சின்னவளைக் கேட்டதாகச் சொல்.


பிப்ரவரி 15

என்னங்க,

மீசை அப்படியா கேட்டார்? பிள்ளை பெத்ததுக்கெல்லாம் பதக்கமா என்று? அவர் என்ன தபாலில் வந்தாரா? நான் அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்.

நீங்கள் சிரித்துவைத்தேன் என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். சின்னவளுக்கும் படித்துக் காட்டினேன். "அப்பாவைப் போய் இப்படி ஆக்கிட்டாங்களே" என்று அழுகிறாள். மாசமாக இருக்கிறவளை அழ வைத்துவிட்டீர்கள்.

என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றீர்கள். செய்தேன்.

நம் வீட்டுக்குள் வந்த எந்தச் சாமானும் என் கையால் தேய்படாமல் இருந்ததில்லை, உங்கள் பதக்கங்களைத் தவிர. துணிக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும், மூச்சுக்கூடப் படக்கூடாது, "அந்த அழுக்குத்தான் அதோட வயசு" என்று விரட்டுவீர்கள். எத்தனை நாள் கை துறுதுறுத்திருக்கிறது தெரியுமா! போலிக்கு ஏது வயசு? பற்பொடி, பழைய பல் பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர். முதலில் ஒன்றும் அசையவில்லை. பின்பக்கத்தில் யாரோ வார்னிஷ் மாதிரி எதையோ பூசி, அது கெட்டித்துப் பழுப்பாகி எண் வெட்டின பள்ளத்தையெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. ஊசி முனையால் நோண்டி எடுத்தேன். இப்போது முகம் பார்க்கலாம். அந்த அம்மாக்காரிக்கு மூக்கு இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா? குழந்தை சிரிக்கிறது.

கம்பளிச் சட்டையில் குத்திக்கொண்டு சின்னவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "என்னம்மா, மிலிட்டரியா?" என்றாள்.

"ஆமா. அஞ்சு சண்டை. அஞ்சுலயும் ஜெயிச்சேன்" என்றேன்.

அவள் சல்யூட் அடித்தாள். ரத்த அழுத்தம் பார்க்கிற வரிசையில் எங்களை முன்னால் விட்டுவிட்டார்கள். போலிக்கே இவ்வளவு மரியாதை.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் பெருமையாகக் காட்டினேன். அவருக்கு முன்னால் நானே எண்ணைப் படித்தேன், கண்ணாடி போடாமலே. இரண்டு, மூன்று, ஒன்று, எட்டு. கண்ணு இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சின்னவள் சொன்னாள்.

இழுப்பறையைத் திறங்கள். காற்றாடட்டும்.

ஏட்டம்மா


பிப்ரவரி 19

ஏட்டம்மா,

தேய்க்காதே. இனிமேல் ஒரு தடவைகூடத் தேய்க்காதே. அதைக் கீழே வை. துணி மேல் வை.

பற்பொடியா? ஊசியா? உட்கார்ந்துதான் படித்தேன், நல்ல வேளை.

கடைசி எண் என்ன? எட்டு என்றா எழுதினாய்? நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது மூன்று. மூன்று வருஷமும் மூன்று. நன்றாகப் பார்த்து எழுது. வேண்டாம், எழுதாதே. காகிதத்தை அதன் மேல் வைத்துப் பென்சிலால் லேசாகத் தேய்த்து அனுப்பு. பென்சிலால் மட்டும்!

அவசரம்.


பிப்ரவரி 23

என்னங்க,

பென்சில் தேய்த்த காகிதம் உள்ளே இருக்கிறது. எட்டுத்தான். எட்டின் இடது பக்கம் இரண்டு வளைவிலும் அந்தப் பழுப்பு அடைத்திருந்தது. அதனால் உங்களுக்கு மூன்றாகத் தெரிந்திருக்கிறது. மாப்பிள்ளையும் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரியும் பார்த்தாள், ஒன்றாவது படிக்கிற அவள் பேத்தியும் பார்த்தாள். எல்லாருக்கும் எட்டு.

உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். "சின்னவள் எப்படி இருக்கிறாள்" என்று ஒரு வரி இல்லை. "நீ எப்படி இருக்கிறாய்" என்று அரை வரி இல்லை. பதக்கத்தைத் துணி மேல் வைக்கணுமாம்! நான் இங்கே தரையில்தான் படுக்கிறேன்.

சரி போகட்டும். பதறிப்போய் எழுதியிருக்கிறீர்கள். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்குப் புரியாமல் இல்லை. இந்த எட்டால் ஏதோ மாறுகிறது, இல்லையா? 2313 அந்த வீட்டு அலமாரியில் இருக்கிறது என்றால், 2318 வேறொருத்தியுடையது. அப்படியானால் இது போலி இல்லை.

அப்படி இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். மீசை முகத்தைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். போலி என்று கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். அசல் என்று தெரிந்ததும் கையை நீட்டக்கூடாது.

சின்னவளை இன்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். பயப்பட ஒன்றும் இல்லை, பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் இதை அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எதிர்க் கட்டிலில் ஒருத்திக்கு முதல் பிள்ளை. பயந்து கிடக்கிறாள். பதக்கத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "பாட்டி, இதுல ராசி இருக்கா?" என்றாள். "ராசியெல்லாம் இல்லைடி. எட்டு பெத்தவ ஒருத்தி போட்டிருந்தது. நீ ஒண்ணு பெத்துக்க மாட்டியா?" என்றேன். எட்டோ என்னவோ, வாயில் வந்ததைச் சொன்னேன். சிரித்தாள்.

ஏட்டம்மா


மார்ச் 11

என் ஏட்டம்மாவுக்கு,

முதலில்: சின்னவள் எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? தரையில் படுக்காதே. கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள். மாப்பிள்ளையிடம் மடக்குக் கட்டில் கேள். வெட்கமாக இருந்தால் நான் கேட்கிறேன், காது மிஷின் விசில் அடித்தாலும் பரவாயில்லை.

இப்போது மற்றது. டீச்சருக்கு உன் பென்சில் காகிதத்தையே கம்ப்யூட்டர் கடையில் படம் எடுத்து அனுப்பினேன். இத்தனை நாள் கழித்துப் பதில் வந்தது. எண் 2318 ஒரு பால் பண்ணையில் பால் கறந்த அம்மாளுக்கு வழங்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகள் எட்டு. நீ ஆஸ்பத்திரியில் வாயில் வந்ததைச் சொன்னாயே, அதுவே சரியாகிவிட்டது.

அசல். சந்தேகமே இல்லை.

டீச்சர் அதோடு நிற்கவில்லை. கடைக்குட்டி மகனைத் தேடிப் பிடித்துவிட்டார். பஸ் டிரைவர். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டதாம். அவர் சொன்னதை டீச்சர் எழுதியிருக்கிறார். அவர் பட்டணத்துக்குப் படிக்கப் போன வருஷம் பயங்கரக் குளிர், வீட்டில் ஒன்றும் இல்லை. அம்மா சந்தைக்குப் போய் வரும்போது கையில் ஒரு கோட்டு இருந்தது. பதக்கம் இல்லை. "எங்கேம்மா அது?" என்று இவர் அழுதாராம். "எட்டுப் பேர் இருக்கீங்களே, அது போதாதா? போட்டுப் பார், கை நீளம் சரியா இருக்கா?" என்றாராம். கோட்டு இன்னும் அவர் வீட்டில் இருக்கிறது. சந்தையில் போனது எத்தனை கை மாறி எனக்கு வந்ததோ தெரியாது.

பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று உன்னைக் கேட்காமலே அவரிடம் கேட்டுவிட்டேன். மன்னித்துக்கொள். வேண்டாம் என்றுவிட்டார். அம்மா மனசோடு விற்றது, அதைத் திரும்ப வாங்கினால் கோட்டைத் திருப்பிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றாராம். ஒரு போட்டோ மட்டும் கேட்கிறார்.

மீசைக்கும் டீச்சர் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். "கண்காட்சிக்கு உங்க மேஜை அப்படியேதான் இருக்கு. யாருக்கும் கொடுக்கலை" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வரும்.

ஏப்ரல் 12 கண்காட்சி. வெல்வெட் பலகையில் எல்லாம் அடுக்கிவிட்டேன். மேல் வரிசையில் ராணுவம், கீழே லாரிக்காரர், மேய்ப்பர், பால்காரி. நடுவில் ஓர் இடம் காலி.

நான் கையை நீட்டவில்லை. காலியாக இருக்கிறது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், சேகரிப்பவர்கள் கண்ணுக்கு நீ அதைக் கெடுத்துவிட்டாய். தேய்த்த பதக்கத்தை ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள். ஆனால் நான் மதித்து மதித்து வைத்திருந்த அந்த அழுக்கு அந்த அம்மாளுடைய வயசு இல்லை. யாரோ சந்தைக்காரன் பூசின வார்னிஷ். அதற்குத்தான் நான் கையுறை போட்டுக்கொண்டிருந்தேன். நீ தேய்க்காமல் இருந்திருந்தால் அவர் என் கண்ணுக்குக் கடைசி வரை போலியாகவே இருந்திருப்பார்.


மார்ச் 18

என்னங்க,

பேத்தி. நேற்றுக் காலையில். சின்னவளுக்கும் ஒரு குறையும் இல்லை. நெற்றி என் மாதிரி, காது உங்கள் மாதிரி, நல்ல வேளை இப்போதைக்குக் கேட்கிறது. பிறந்தவுடன் போட்ட சத்தத்தில் டாக்டரே, "இது யார் வீட்டுக் குரல்?" என்றார். நான் எழுந்து நின்று, "என் வீட்டுக் குரல்" என்றேன்.

எதிர்க் கட்டில்காரிக்குப் பையன். பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு முத்தமும் கொடுத்தாள். பதக்கத்துக்கு இல்லை, எனக்கு.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். "கை நீளம் சரியா இருக்கா" என்று கேட்டாளே, அந்த இடத்தில் நின்றுவிட்டேன். நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அவர் கேட்ட போட்டோ உள்ளே இருக்கிறது. மாப்பிள்ளைதான் எடுத்தார். பதக்கத்தை மட்டும் மேஜையில் வைத்து எடுக்கலாம் என்றார். "அதென்ன பிணமா, தனியாப் படுக்க வைக்க?" என்றேன். கம்பளிச் சட்டையில் குத்திக்கொண்டேன், பேத்தியைக் கையில் எடுத்துக்கொண்டேன். நான் சிரிக்காமல் இருக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. டீச்சருக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி பதக்க விஷயம். தபாலில் அனுப்பமாட்டேன். கண்காட்சிக்கு முன்னால் நானே கொண்டு வருகிறேன். மாப்பிள்ளையின் அம்மா இங்கே வருகிறார், சின்னவளைப் பார்த்துக்கொள்வார். அன்றைக்கு மட்டும் அது உங்கள் பலகையில் இருக்கும். சாயங்காலம் என் சட்டைக்கு வந்துவிடும். அது இரவல். ஒவ்வொரு பதக்கத்துக்கும் கீழே அட்டை எழுதி வைப்பீர்களே, அதில் அந்தப் பால்காரம்மாவைப் பற்றி எழுத வேண்டும், கோட்டைப் பற்றியும். யாருடைய சொத்து என்று சரியாக எழுத வேண்டும். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளை பெற்றதுக்குப் பதக்கமா என்று யார் கேட்டாலும் என்னிடம் கேட்கட்டும்.

பொத்தான் டப்பாவில் விட்டெறிந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. கோபம் இல்லை. மறக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஏட்டம்மா


ஏப்ரல் 3

அன்பே ஏட்டம்மா,

பேத்தியின் காதைப் போட்டோவில் பார்த்தேன். என் காதேதான்.

டிரைவரிடமிருந்து பதில் வந்திருக்கிறது. டீச்சர் வரி வரியாக எழுதி அனுப்பியிருக்கிறார். அவர்கள் அம்மா அந்தப் பதக்கத்தோடு ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லையாம். பண்ணையில் கொடுத்த அன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தவர், பிறகு சந்தைக்குத்தான் எடுத்துப் போனார். "அது ஒரு தாயின் நெஞ்சில் இருப்பதை நாங்கள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம். எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுச் சுவரில் நீயும் பேத்தியும் இருக்கிறீர்கள், ஏட்டம்மா. முப்பது வருஷம் தேடி நான் போய்ச் சேராத இடத்துக்குப் பற்பொடியோடு போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அட்டை எழுதிவிட்டேன். திருத்தம் இருந்தால் சொல்:

தாய்மார் பதக்கம், மங்கோலியா. எண் 2318.
வழங்கப்பட்டது: பால் பண்ணையில் பால் கறந்தவர், எட்டுப் பிள்ளைகளின் தாய். கடைக்குட்டிக்குக் குளிர்காலக் கோட்டு வாங்க இதை விற்றார். கோட்டு இன்றும் உள்ளது.
நிலை: பற்பொடி போட்டுத் தேய்க்கப்பட்டது. எண் சரியாகத் தெரிந்தது அதனால்தான்.
உரிமையாளர்: ஐந்து பிள்ளைகளின் தாய். ஒரு நாள் இரவலாகக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று. சங்கத்திலிருந்து வந்த அன்று நான் சொன்னதை மாற்றிச் சொல்ல வேண்டும். அட்டையில் எழுத முடியாது, அதனால் இங்கே எழுதுகிறேன்: அசல்தான். நீதான் அஞ்சு பெத்தியே, நீ குத்திக்கோ.


ஏப்ரல் 7

என்னங்க,

அட்டை நன்றாக இருக்கிறது. ‘பற்பொடி’யை மட்டும் எடுத்துவிடுங்கள், மீசைக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? இல்லை, வேண்டாம், இருக்கட்டும். தேய்த்தேன், தேய்த்ததுதானே.

பத்தாம் தேதி மத்தியான ரயிலில் வருகிறேன். பையன்களில் யாரையும் ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள். சட்டையில் குத்திக்கொண்டுதான் இறங்குவேன், அடையாளம் தெரியாமல் போகாது.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, அதை நேரில் ஒரு தடவை சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்லுங்கள். இங்கே பேத்தி போடுகிற சத்தத்தில் எனக்கும் இப்போது காது கொஞ்சம் மந்தம்.

ஏட்டம்மா